ரத்தக் குழாய்க்குள் சர்கோமா: காலை எடுத்தால் தீருமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 2

அப்பாவுக்கு வயது 58. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் செம்பனை அறுத்தவர். வலது தொடையில் இருந்த கட்டியை ஆப்பரேஷன் செய்து எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டில் உயர் கிரேடு சர்கோமா (தசை, கொழுப்பு போன்றவற்றில் வரும் புற்றுநோய், அதிலும் வேகமான வகை), 9 செ.மீ., நெக்ரோசிஸ் உண்டு, ரத்தக் குழாய் ஊடுருவல் உண்டு, ஓரம் சுத்தம் என்று போட்டிருக்கிறது. "ரத்தத்தில் கலந்துவிட்டது, இனி உடம்பு முழுக்க ஓடும், அப்போதே காலை எடுத்திருக்க வேண்டும்" என்கிறார் பெரியப்பா. இப்போது எடுத்தால் தப்பிக்கலாமா? எத்தனை வருஷம்?

பதில், பிப்ரவரி 2, இரவு

காலை எடுக்கச் சொல்லி யாரும் டாக்டரிடம் போய் நிற்காதீர்கள். குழாய்க்குள் நுழைந்த செல் ஏதாவது நுரையீரலுக்குப் போயிருந்தால் அது ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே போயாயிற்று. இப்போது காலை எடுத்து அதைத் திருப்பிக் கூப்பிட முடியாது. தொடையில் மிச்சம் மீதி இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளக் கதிர்வீச்சு இருக்கிறது.

இந்தச் சண்டை 1982-லேயே முடிந்துவிட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர் கை கால் சர்கோமா வந்த 43 பேரைச் சீட்டுக் குலுக்குவது மாதிரி பிரித்தார்கள். 16 பேருக்கு உறுப்பையே எடுத்தார்கள். 27 பேருக்குக் கட்டியை எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கீமோ உண்டு. உறுப்பு தப்பிய 27 பேரில் 4 பேருக்கு அதே இடத்தில் மறுபடி வந்தது. ஆனால் உயிர் பிழைத்த கணக்கில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கக் காலைக் காப்பாற்றும் ஆப்பரேஷன் வழக்கமானது.

பெரியப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கேட்கமாட்டார், பரவாயில்லை.

பிப்ரவரி 3

நான் டாக்டர் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி பேத்தாலஜி லேபில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், பிறந்து வளர்ந்ததெல்லாம் தோட்டத்து லயம். அதனால் ரிப்போர்ட்டில் 'ரத்தக் குழாய் ஊடுருவல் உண்டு' என்ற அந்த ஒரு வரி எப்படி வருகிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

கட்டி ஃபார்மலின் வாளியில் வரும். தொடைக் கட்டி என்றால் தோல், தசையோடு சேர்ந்து நல்ல கனம். சர்ஜன் ஒரு பக்கம் நீள நூலும் இன்னொரு பக்கம் குட்டை நூலும் கட்டி அனுப்பியிருப்பார், எது மேல் எது கீழ் என்று தெரிய. வெளிப்பக்கம் முழுக்க மை பூசுவோம். மை பட்ட இடம்தான் ஓரம், கட்டி அதைத் தொடாவிட்டால் 'ஓரம் சுத்தம்'. மை காய்ந்ததும் டாக்டர் நீளக் கத்தியால் ரொட்டி அரிகிற கனத்தில் வெட்டிக்கொண்டே போவார். உள்ளே சாம்பல் வெள்ளையாக, வழவழவென்று இருக்கும். லேபில் எல்லாரும் சொல்வது 'மீன் சதை'. நடுவில் மஞ்சளாக, சேறாகக் குழைந்த இடம் இருந்தால் அது செத்த பகுதி, அதுதான் நெக்ரோசிஸ்.

முழுக் கட்டியையும் யாரும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதில்லை. சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு என்பது பொதுவான கணக்கு. 9 செ.மீ. கட்டி என்றால் ஒன்பது பத்துத் துண்டுகள், கூடப் போனால் இன்னும் சில. ஒவ்வொரு துண்டையும் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் ஏறக்குறைய 4 மைக்ரான் கனத்தில் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுப்போம். 4 மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் 250-இல் ஒரு பங்கு. டாக்டர் பார்ப்பது இந்தச் சீவலைத்தான்.

ஆக, 'ஊடுருவல் உண்டு' என்றால் கண்ணால் பார்த்தார்கள். 'இல்லை' என்றால் பார்த்த சீவல்களில் தெரியவில்லை. இரண்டும் ஒரே பலமுள்ள பேச்சு இல்லை.

பிப்ரவரி 3, மறுபடி

கூலிமிலிருந்து ஒருவர் கேட்கிறார்: அப்படியென்றால் 'உண்டு' என்பதிலும் தப்பு நடக்கலாம்தானே?

நடக்கலாம். ஃபார்மலின் சதையைச் சுருக்கும். கட்டியைச் சுற்றி ஒரு வெற்றிடம் விழும். பார்த்தால் அச்சு அசலாகக் குழாய்க்குள் கட்டி உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். அதனால்தான் அந்த வெற்றிடத்தைச் சுற்றிக் குழாயின் உள்வரிச் செல்கள் இருக்கின்றனவா, கட்டி குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கிறதா, ரத்தம் உறைந்து அதன்மேல் படிந்திருக்கிறதா என்றெல்லாம் தேடுவார்கள். சந்தேகம் என்றால் சிடி31 அல்லது இஆர்ஜி சாயம் போடச் சொல்வார்கள். உள்வரிச் செல்கள் பழுப்பாகத் தெரியும். சிரையின் சுவரைத் தேட வேண்டும் என்றால் எலாஸ்டிக் சாயம். சுவரில் இருக்கும் மீள்நார் கறுப்புக் கோடாக வளைந்து வளைந்து தெரியும். கட்டி அந்த வளையத்துக்குள் கிடந்தால் அப்புறம் பேச்சே இல்லை.

இந்தச் சிறப்புச் சாயங்கள் போடாமலே 'உண்டு' என்று எழுதியிருந்தால் அதற்காகவே சந்தேகப்படத் தேவையில்லை. கொஞ்சம் பெரிய குழாய் என்றால் சாதாரணச் சாயத்திலேயே பளிச்சென்று தெரியும்.

பிப்ரவரி 5

எத்தனை வருஷம் என்ற கேள்வியை இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன். இந்த ரிப்போர்ட்டை வைத்து வருஷம் சொல்கிறவரை நம்பாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும்.

சொல்லக்கூடியது இது. தோல், கொழுப்பு, தசையில் வரும் சர்கோமா பரவுவது பெரும்பாலும் ரத்தம் வழியாக. நெறிக்கட்டிக்குப் போவது நூற்றில் 5-க்கும் குறைவு (சினோவியல், எபித்தீலியாய்டு போன்ற சில வகைகள் விதிவிலக்கு). தொடையிலிருந்து சிரை வழியே கிளம்பினால் இதயத்தின் வலப்பக்கம், அடுத்த நிறுத்தம் நுரையீரல். அதனால்தான் எல்லாரும் நெஞ்சு சிடி, நெஞ்சு சிடி என்கிறார்கள். பெரிய, ஆழமான, உயர் கிரேடு கட்டிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு எங்காவது பரவுகிறது. பரவினால் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் தெரிவதுதான் அதிகம்.

ரத்தக் குழாய் ஊடுருவலை இதில் முக்கியமான புள்ளியாகப் பிடித்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். லுண்ட் நகரில் பேலே குஸ்தாப்சன் 508 நோயாளிகளை வைத்து 1994-இல் எழுதினார். பிறகு 2003-இல் அந்தக் குழு 'சின்' என்று ஒரு முறை வகுத்தது: கட்டி 8 செ.மீ.க்கு மேல், குழாய் ஊடுருவல், நெக்ரோசிஸ். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பரவும் ஆபத்து அதிகம் உள்ள கூட்டம்.

அப்பாவுக்கு மூன்றும் இருக்கிறது. மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

பிப்ரவரி 5, பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் தீர்ப்பு மாதிரி இருக்கிறது. ஆபத்து அதிகம் உள்ள கூட்டத்திலும் பரவாமலே போகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். எந்த ஆள் எந்தப் பக்கம் என்று சொல்ல எந்தச் சாயமும் இல்லை. ரிப்போர்ட்டின் அந்த வரி டாக்டருக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க உதவும். குடும்பத்துக்கு நாள் குறித்துக் கொடுக்காது.

இன்னொன்று. இப்போது பல டாக்டர்கள் ஆபத்துக் கணக்குப் போடும் சார்குலேட்டர் என்ற கருவி இருக்கிறது, மிலான் நகரத்தில் தொடங்கியது. அது கேட்பது வயது, அளவு, கிரேடு, சர்கோமா வகை. குழாய் ஊடுருவலைக் கேட்பதே இல்லை. கிரேடு போடும் பிரெஞ்சு முறையிலும் அது கிடையாது. செல் எவ்வளவு மாறியிருக்கிறது, எத்தனை செல் பிரிகிறது, எவ்வளவு செத்திருக்கிறது, இந்த மூன்றுதான். ஸ்கேண்டினேவியாவில் இதைத் தூக்கி வைத்துப் பேசுகிறார்கள், மற்ற இடங்களில் ரிப்போர்ட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். நான் ஸ்கேண்டினேவியாக்காரர்கள் பக்கம். சிரைக்குள் கட்டியைக் கண்ணால் பார்த்த பிறகு அதைக் கணக்கில் சேர்க்காமல் எப்படி இருப்பது?

பிப்ரவரி 8

தெலுக் இந்தான் அன்பரே, நீங்கள் சொல்வது வேறு விஷயம். உங்கள் அக்காவின் எம்ஆர்ஐ-யில் கட்டி தொடையின் பெரிய தமனியைச் சுற்றிப் பிடித்திருக்கிறது என்று இருக்கிறது. அது ஸ்கேனில் தெரியும் பெரிய குழாய். நாங்கள் இங்கே பேசுவது மைக்ரோஸ்கோப்பில் தெரியும் சின்னக் குழாய்களைப் பற்றி. ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்க வேண்டும் என்று இல்லை. தமனியை வெளியிலிருந்து தள்ளி நெருக்கும் கட்டி அதன் உள்ளே போகாமலும் இருக்கலாம்.

அக்கா விஷயத்தில் கேள்வி, குழாயை விட்டுப் பிரித்தெடுக்க முடியுமா, இல்லை குழாயோடு சேர்த்து எடுக்க வேண்டுமா என்பது. சேர்த்து எடுத்தால் இன்னொரு காலிலிருந்து சிரையை எடுத்து ஒட்டுவார்கள், அல்லது செயற்கைக் குழாய் வைப்பார்கள். தமனியைக் கட்டாயம் மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் போய்விடும். சிரையைச் சில சர்ஜன்கள் மாற்றி வைப்பதில்லை. கால் வீக்கம் நாள்பட இருக்கும், இறுக்கமான காலுறை போட்டுச் சமாளிக்க வேண்டியிருக்கும். ரத்தக் குழாய் சர்ஜனும் சேர்ந்து நிற்கும் இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குபாங் கெரியான் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் எலும்பு, தசைப் புற்றுக்கென்றே சர்ஜன்கள் இருக்கிறார்கள்.

ஆஞ்சியோசர்கோமா என்பது மூன்றாவது சமாச்சாரம். அது ரத்தக் குழாய்ச் செல்லிலிருந்தே பிறப்பது. அதை இங்கே இழுக்காதீர்கள், ஏற்கெனவே தலை சுற்றுகிறது.

பிப்ரவரி 9

என் மச்சான் கதையைச் சொல்லாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். மூன்று பேர் "பயாப்சி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) பண்ணினால் பரவும், கத்தி பட்டால் பரவும்" என்று எழுதியபிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மச்சானும் குலை அறுத்தவர்தான். தொடையில் உருண்டை. வலி இல்லை. வலி இல்லாததுதான் கெடுதல், வலித்திருந்தால் ஓடியிருப்பார். முதலில் நீவிவிடும் உருட்டுக்காரரிடம் போனார். எண்ணெய் போட்டு மாதக் கணக்கில் நீவினார்கள். அப்புறம் ஒரு கிளினிக். அங்கே "கொழுப்புக்கட்டி" என்று சொல்லி மரத்துப்போகும் ஊசி போட்டு, தொடையின் குறுக்கே வெட்டி எடுத்தார்கள். எடுத்ததை லேபுக்கு அனுப்பவில்லை. என்ன செய்தீர்கள் என்று நான் பிறகு போய்க் கேட்டேன். குப்பையில் போட்டாயிற்று. லேபில் வேலை செய்கிறவனின் மச்சானுக்கு! இன்றைக்கும் அந்தக் கிளினிக் பக்கம் மோட்டாரில் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

தழும்பு ஆறுவதற்குள் மறுபடி வீங்கியது. அப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரி, ஊசிப் பயாப்சி, சர்கோமா. காலுக்கு எப்போதும் நெடுக்காக வெட்ட வேண்டும். குறுக்காக வெட்டிய தழும்பு முழுவதையும், அந்த ரத்தம் கசிந்து பரவிய இடம் முழுவதையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. வேறு இடத்துத் தோலை எடுத்துப் போர்த்தினார்கள். ரிப்போர்ட்டில் அதே வரி: குழாய் ஊடுருவல் உண்டு.

முறையான ஊசிப் பயாப்சியில் ஊசி போன வழியையும் ஆப்பரேஷனில் சேர்த்து எடுப்பதற்குத் தோதாகத்தான் இடம் குறிப்பார்கள். பயப்பட வேண்டியது ஊசிக்கு இல்லை. என்ன கட்டி என்று தெரியாமல் வெட்டுகிற கத்திக்குத்தான்.

நீவியதால் பரவியதா என்று கேட்காதீர்கள். நீவிய நேரம் வீணானது, அது போதும் எனக்கு.

பிப்ரவரி 9, சின்னக் குறிப்பு

கோல்ஃப் பந்து அளவுக்கு (4 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல்) இருக்கிற, வளருகிற, அல்லது தசைக்குள் ஆழமாக இருக்கிற எந்தக் கட்டியையும் ஸ்கேன் எடுக்காமல் வெட்டவிடாதீர்கள். கோல்ஃப் பந்தை எங்கே பார்த்தோம் என்கிறீர்களா? பழைய துரை பங்களாப் பக்கம் புல்லில் பொறுக்கினோமே.

பிப்ரவரி 13

"5 செ.மீ. என்று டாக்டர் சொன்னார், நீங்கள் 8 என்கிறீர்கள்" என்று கேள்வி. இரண்டும் சரி. இப்போதைய ஸ்டேஜ் கணக்கில் கை கால் கட்டிகளுக்கு 5, 10, 15 செ.மீ. என்று படிகள். 8 என்பது அந்த ஸ்வீடன் முறையின் எல்லை. ஒன்றின் எண்ணை எடுத்து இன்னொன்றில் பொருத்தாதீர்கள்.

பிப்ரவரி 17

கீமோ வேண்டுமா?

இங்கேதான் டாக்டர்களே இரண்டு கட்சி. ஐரோப்பாவில் 351 பேரை வைத்து ஆப்பரேஷனுக்குப் பிறகு டாக்ஸோரூபிசினும் ஐபாஸ்பமைடும் கொடுத்துப் பார்த்த சோதனை 2012-இல் வெளிவந்தது. கீமோ எடுத்தவர்களுக்குக் கூடுதல் ஆயுள் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதில் ஆபத்துக் குறைவான ஆட்களும் கலந்திருந்தார்கள் என்று எதிர்க்கட்சி சொல்கிறது. ஸ்கேண்டினேவியச் சர்கோமா குழு வேறு மாதிரி செய்தது. உயர் கிரேடு கட்டியில் குழாய் ஊடுருவல் இருந்தாலே போதும், இல்லாவிட்டால் 8 செ.மீ., நெக்ரோசிஸ், பக்கத்துச் சதைக்குள் விரல் விட்டு வளர்வது, இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்று ஆட்களைப் பொறுக்கி, அதே இரண்டு மருந்தை ஆறு முறை கொடுத்தார்கள். பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் கீமோ கொடுக்காத கூட்டம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. அதனால் அது கீமோவின் புண்ணியமா என்று அடித்துச் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு மூன்றும் இருப்பதால் பேச்சு கட்டாயம் வரும். டாக்ஸோரூபிசின் சிவப்பாக இருக்கும், ஐ.வி. குழாயில் இறங்குவதைப் பார்த்தாலே சிலருக்குக் குமட்டும். இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் முதலில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பார்கள். ஐபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும், அதற்கு மெஸ்னா என்று ஒரு காவல் மருந்து கூடவே போகும். சிறுநீரகம் சரியாக இல்லாவிட்டால் யோசிப்பார்கள். அப்பாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டா? இருந்தால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஆட்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

பிப்ரவரி 20

விவாதம் மருந்தடிப்புக்குத் திரும்பிவிட்டது. எதிர்பார்த்ததுதான். "அம்மா இருபது வருஷம் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் மருந்தடித்தார், அதனால்தானே?"

தனி ஆளுக்கு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 1979-இல் ஸ்வீடனில் ஹார்டெல் என்பவர் பினாக்சி வகைக் களைக்கொல்லிக்கும் சர்கோமாவுக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார். சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த வகையில் 2,4,5-டி-யில் கலந்திருந்த டையாக்சின் 1997-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் பட்டியலில், அதாவது புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், ஏறியது. அதே வகைக் களைக்கொல்லியான 2,4-டி 2015-இல் 'உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' பட்டியலில்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லி இந்தக் கதையில் வராது. அது நுரையீரலைப் புண்ணாக்கிக் கொல்லும் விஷம், சர்கோமாவோடு அதைச் சேர்த்துப் பேசுவதற்கு ஆதாரம் இல்லை. 2020 ஜனவரியிலிருந்து மலேசியாவில் தடை. அதற்கு முன்னால் எத்தனை பெண்கள் கையுறையில்லாமல் அதை அடித்தார்கள் என்று எழுதத் தொடங்கினால் வேறு இழை வேண்டும்.

மார்ச் 2

கேள்வி கேட்ட பிள்ளை எழுதியிருக்கிறார்: நெஞ்சு சிடி சுத்தம். கதிர்வீச்சுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். கீமோ பற்றி அடுத்த சந்திப்பில் பேசுகிறார்களாம். பெரியப்பா இன்னும் காலைப் பற்றியே பேசுகிறாராம்.

நல்லது. ஆப்பரேஷனுக்குப் பிறகு என்றால் பொதுவாக 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வார நாள் தோறும், ஆறு ஏழு வாரம். தினம் ஈப்போ போய்வருவதா, அங்கேயே தங்குவதா என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். வேன்காரரை மட்டும் நம்பாதீர்கள். ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு, 50 கிரே போதும். ஆனால் 2002-இல் வந்த கனடாச் சோதனையில் முன்னால் வாங்கியவர்களில் 35 சதவீதத்துக்குப் புண் ஆறுவதில் சிக்கல், பின்னால் வாங்கியவர்களில் 17 சதவீதம். பின்னால் வாங்கினால் நாள்போக்கில் சதை இறுகி முட்டி மடங்காமல் போவது அதிகம். அப்பாவுக்குப் பின்னால் என்று ஆகிவிட்டதால் காலை மடக்கி நீட்டும் பயிற்சியை விடவே கூடாது. வலிக்கிறது என்று பாயில் படுத்துவிடுவார், விடாதீர்கள்.

மார்ச் 3

மச்சான் என்ன ஆனார் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். இரண்டாவது வருஷச் சிடியில் நுரையீரலில் ஒரு புள்ளி. ஒன்றே ஒன்று என்பதால் ஆப்பரேஷன் செய்து எடுத்தார்கள். சர்கோமாவில் அப்படி எடுப்பது உண்டு, பரவினாலே கதை முடிந்தது என்று கைவிடுவதில்லை. அந்தப் புள்ளி சின்னதாக இருக்கும்போதே கிடைத்தது, அவர் சிடி நாளைத் தவறவிடாததால். இப்போது சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து "கால் ரெண்டும் இருக்கு, நுரையீரல்தான் கொஞ்சம் குறைச்சல்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதனால் பிள்ளை, முதல் இரண்டு மூன்று வருஷம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம், அப்புறம் ஐந்து வருஷம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம் என்று வைப்பார்கள். தைப்பூசம், திருவிழா என்று தேதியை மாற்றாதீர்கள். ரிப்போர்ட்டின் நகலை ஒரு ஃபைலில் போட்டு எப்போதும் கையோடு கொண்டுபோங்கள். பெயர் மாறி வந்த சிடியை நான் பார்த்திருக்கிறேன்.